முடிவு தெரிந்த கதையை மறுபடி மறுபடி படிப்பது கோளாறா?

கேள்வி:

எனக்கு 47 வயது. குடியாத்தத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. சின்ன வயதிலிருந்து கதைப் பைத்தியம். ஆனால் கடந்த ஒரு வருடமாகப் புதிதாக எதையும் படிக்க முடியவில்லை. அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த இரண்டு தொடர்கதைகள், கல்லூரி நாளில் நான் வாங்கிய ஒரு குடும்ப நாவல், இந்த மூன்றையே சுற்றிச் சுற்றிப் படிக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதங்களில் ஆரம்பித்த பழக்கம். அம்மா தேறிவிட்டார்கள், பழக்கம் போகவில்லை. "பரீட்சை ஏதாவது எழுதப் போறியா?" என்று கணவர் கேலி செய்கிறார். மகள் வருடத்துக்கு ஐம்பது புத்தகம் என்று செல்போனில் கணக்கு வைத்துப் படிப்பவள். "படிச்சதையே படிக்கிறது டைம் வேஸ்ட்மா" என்கிறாள். புத்தகக் கண்காட்சியில் வாங்கியவை அலமாரியில் பிரிக்காமல் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, பள்ளி நாளில் எனக்கு உயிராக இருந்த இன்னொரு நாவலைப் போன மாதம் எடுத்துப் படித்தால் எரிச்சல்தான் வந்தது. நான் செய்வது சோம்பேறித்தனமா, இல்லை மனசில் ஏதாவது கோளாறா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில் (வேலூர் மாவட்டத்தில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்):

அன்புள்ள சகோதரிக்கு,

சோம்பேறித்தனமும் இல்லை, கோளாறும் இல்லை. நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் கொஞ்ச காலம் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். திருப்பிக் கொடுக்க வந்த புத்தகத்தை நாங்கள் வரவு வைத்து முடிப்பதற்குள், "சார், அதையே இன்னொரு தடவை போட்டுக் கொடுங்க" என்று கேட்கிறவர்கள் எல்லாக் கிளையிலும் உண்டு. கேட்கும்போது ஒரு கூச்சம் இருக்கும். "மாமியார் படிக்கணும்னாங்க" என்று ஒரு காரணம் வரும். நாங்களும் நம்பிய மாதிரி முத்திரை குத்திக் கொடுத்துவிடுவோம். புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தாலே தெரியும், எது ஒருமுறை படித்துப் போகிற புத்தகம், எது ஆட்கள் திரும்பி வருகிற புத்தகம் என்று. சீட்டின் மேல் சீட்டு ஒட்டித் தடித்துப் போயிருந்தால் இரண்டாவது வகை. மறு பைண்டுக்கு முதலில் போவதும் அதுதான்.

நீங்கள் வடாற்காட்டுக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம். பங்குனி, சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பாரதம் வைக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், ராத்திரி கூத்து. கடைசியில் படுகளம். மண்ணைக் குவித்துச் செய்த துரியோதனன் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமாக மல்லாந்து கிடப்பான். பீமன் வந்து தொடையில் அடிப்பான், பாஞ்சாலி சபதம் முடித்துக் கூந்தலை முடிவாள். இதில் எது யாருக்குத் தெரியாது? இந்த வருடமாவது துரியோதனன் தப்பித்துவிடுவானா பார்க்கலாம் என்று எவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்காரவில்லை. எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு வந்திருக்கிறது, துரியோதனன் வேஷம் யார், திரைக்குப் பின்னால் பாட்டு எடுத்து வெளியே வரும்போது அடவு எப்படி விழுகிறது, கோமாளி வேஷம் போடும் கட்டியங்காரன் இந்தத் தடவை ஊரில் யாரை வம்புக்கு இழுக்கிறான் என்று பார்க்க வருகிறார்கள். போன வருடம் துகிலுரிதலில் அழுத கிழவி இந்த வருடமும் அதே இடத்தில் அழுவாள். அவளைப் பார்த்து "ஏற்கெனவே பார்த்த கதைதானே, டைம் வேஸ்ட்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடி விழும்!

புத்தகத்திலும் இதுதான் நடக்கிறது. முதல் தடவை படிக்கும்போது அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தில் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். வர்ணனை வந்தால் பக்கம் தள்ளாதவர் யார்? முடிவு தெரிந்த பிறகு அந்த அவசரம் போய்விடுகிறது. அப்போதுதான் சமையல்கட்டில் யார் என்ன பேசினார்கள், வில்லன் எந்த இடத்தில் ஒரு நொடி தயங்கினான் என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கச் சொன்னவர்கள், முடிவு தெரியாமல் படித்தவர்களைவிடக் கதையை அதிகம் ரசித்ததாக வந்தது. அப்புறம் வந்த சில ஆய்வுகள் நேர்மாறாகவும் சொல்லியிருக்கின்றன, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அதைவிட வள்ளுவர் சாட்சி போதும். நட்பு அதிகாரத்தில், பண்புள்ளவரின் உறவு பழகப் பழக இனிக்கும் என்று சொல்ல வந்தவர், படிக்கப் படிக்க நயம் தரும் நூலைத்தான் உவமையாக எடுக்கிறார் (குறள் 783). கவனியுங்கள், நூல் இனிக்கும் என்பதை அவர் நிரூபிக்க முயலவே இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு நட்பை விளக்குகிறார்.

உங்கள் அம்மாவின் பைண்டு தொகுதிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தத் தலைமுறையில் அது ஒரு பெரிய வேலை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் வந்தது. வீட்டுக்கு வீடு அதைப் பிரித்துச் சேர்த்தார்கள். பின்னாலும் அதே பத்திரிகை அதே கதையை மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டது. அலமாரியில் முழுக்கதையும் வைத்திருந்தவர்களே அடுத்த வார இதழுக்குக் காத்திருந்தார்கள். கதை தெரிந்தவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதையில் இரண்டாம் தடவைதான் தட்டுப்படுகிற ஒரு விஷயம் உண்டு. வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். வாணர்கள் கோலோச்சிய வாணபுரம் என்பது காட்பாடியை அடுத்த திருவல்லம். முதல் வாசிப்பில் அவன் குதிரையை விரட்டிக்கொண்டு ஓடும் வேகத்தில் இதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

இன்னொரு லாபம், நாம் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று தெரிவது. திருப்பத்தூரில் பிறந்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த மு.வ.வின் 'அகல் விளக்கு' நம் பாலாற்றுக் கரையையும் வாலாஜாவையும் வைத்து எழுதப்பட்டது. 1961இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அதில் சந்திரன் என்று ஒருவன், அழகன், அறிவாளி. வேலய்யன் என்று இன்னொருவன், சாதாரணன். பதினெட்டு வயதில் அதை எடுத்துப் போகிற பையன்கள் சந்திரனைப் பற்றியே பேசுவார்கள். அதே ஆட்கள் தலை நரைத்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு வந்து மறுபடி எடுத்துப் போனால், திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு வேலய்யன் பக்கம் வந்திருக்கும். புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உங்கள் குடும்ப நாவலில் கல்லூரி நாளில் நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள், இப்போது யார் பக்கம் இருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாமியார் பாத்திரத்தின் மேல் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சரி, ஆஸ்பத்திரி நாட்களுக்கு வருவோம். வேலூரில் நூலகம் நடத்தியவனுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. இந்த ஊருக்கு நாலா திசையிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறார்கள். வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கி, டோக்கன் எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்து புது நாவல் ஆரம்பிக்க முடியாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெயர் கூப்பிடுகிறார்களா என்று காது அந்தப் பக்கம் போகும். புது நாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்று நினைவு வைக்க வேண்டும், நடுவில் விட்டால் நூல் அறுந்துவிடும். தெரிந்த கதையை எந்தப் பக்கத்திலும் திறக்கலாம், எந்த வரியிலும் மூடலாம். அதோடு, ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு, முடிவு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் கையில் இருக்கும் அந்தப் புத்தகம்தான். அம்மாவுக்கு இப்போது குணமாகிவிட்டாலும், அத்தனை மாதம் தூக்கிச் சுமந்த கவலை டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்ந்து இறங்கிவிடாது. அதற்கு அவகாசம் கொடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நான் மருத்துவன் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லி விட்டுவிடுகிறேன். பழைய கதையைப் படித்து முடித்ததும் மனசு லேசாகி, எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைக்க முடிகிறது என்றால் ஒன்றும் பிரச்சினை இல்லை. அந்தப் புத்தகமும் இனிக்கவில்லை, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. மூன்று புத்தகத்தைப் பற்றி இரண்டு பக்கம் ஆசையாக எழுதுகிறவருக்கு ருசி போய்விட்டது என்று நான் நம்ப மாட்டேன்.

மகளிடம் சண்டை போடாதீர்கள். அந்த வயதில் எண்ணிக்கை ஒரு உற்சாகம். ஐம்பது புத்தகம் படிக்கிற பெண் வீட்டில் இருப்பதே கொடுப்பினை. ஆனால் அவளிடம் ஒன்று கேளுங்கள்: செல்போனில் பிடித்த நகைச்சுவைக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாள்? பிடித்த பாட்டை ஒருமுறை கேட்டதோடு நிறுத்திவிட்டாளா? சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன், இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று நாங்கள் சொல்கிறவர், 1931இல் ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. பணியில் சேர்ந்தவுடன் எங்களுக்குப் பாடம் பண்ணிக் கொடுத்துவிடுவார்கள். அவர் சொன்னது, தேடி அலைய வைக்காமல் புத்தகத்தை வாசகர் கையில் சேர்ப்பது பற்றி. அதன்படி பார்த்தால், தனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டு அலமாரியில் கைவைக்கிற நீங்கள்தான் வீட்டில் நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர். (ரங்கநாதன் இந்த வாதத்தை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பரவாயில்லை, மகளிடம் சொல்லப் போதும்.)

எரிச்சல் தந்த நாவலுக்கு வருகிறேன். எதனால் எரிச்சல் என்று நீங்கள் எழுதவில்லை, ஊகிக்க முடிகிறது. நாயகன் பெண்ணை அறைவதைக் காதல் என்று எழுதியிருப்பார்கள், அல்லது ஒரு சாதிக்காரரைக் கோமாளியாகவே வைத்திருப்பார்கள். பதினான்கு வயதில் அது உறைக்காது. இப்போது உறைக்கிறது என்றால் நல்லதுதான், அதற்காக அன்று அதைப் படித்து மகிழ்ந்த பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பழைய பிரியமான புத்தகம் எல்லாவற்றையும் மறுபடி படித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சிலதை நினைவிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். எனக்கும் அப்படி ஒரு துப்பறியும் வரிசை உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், தொடவும் மாட்டேன். உங்களுக்கு வந்த எரிச்சல் தணிந்த பிறகு, அந்த நாவலில் அப்போது எது பிடித்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கதையாக இருக்காது. ஒரு வீட்டு முற்றமாக, ஒரு மழை நாளாக, இரண்டு தோழிகள் பேசிக்கொள்ளும் இடமாக இருக்கும். அந்தப் பத்துப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள். முழுசாகப் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நீங்கள் கேட்காத, ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயம் ஒன்று: அம்மாவின் தொகுதிகள் உதிர ஆரம்பித்துவிட்டன, பைண்டரிடம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். இதில் அவசரப்படாதீர்கள், இங்கேதான் நான் உண்மையில் உபயோகப்படுவேன். பழைய வாரப் பத்திரிகைத் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் அமிலமே அதைத் தின்கிறது. போதாததற்கு நம் ஊர் வெயில். தாள் பழுத்து, மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி ஒடியும். முதல் வேலையாக, பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இதற்கு மகள் உதவுவாள். விளம்பரப் பக்கங்களையும் விடாதீர்கள். ஊறுகாய் விளம்பரமும் தலைவலி மாத்திரை விளம்பரமும் கதையோடு சேர்ந்ததுதான், பத்து வருடம் கழித்து அதற்காகவே அந்தத் தொகுதியை எடுப்பீர்கள்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். கொஞ்ச வருடத்தில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கி, எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். புத்தகம் பழுதுபார்க்கும் மெல்லிய டிஷ்யூ தாளை (கை துடைக்கிறது இல்லை) மைதாப் பசையில் ஒட்டலாம். அந்தக் காலத்து பைண்டர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டில் நீங்கள் கலக்க வேண்டாம். பாலிதீன் உறையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கும். துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள். புத்தகத்தைத் தின்னும் ராமபாணப் பூச்சி இருட்டும் ஈரமும் இருக்கும் இடத்தில்தான் குடித்தனம் பண்ணும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டுத் தட்டி வைத்தாலே பாதி போய்விடும். வெயிலில் மட்டும் காயப் போடாதீர்கள்.

பைண்டரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஓரம் வெட்டக் கூடாது என்று வாயால் சொன்னால் போதாது, துண்டுச் சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் செருகிக் கொடுங்கள். பழக்கதோஷத்தில் மூன்று பக்கமும் மெஷினில் கொடுத்துப் பளிச்சென்று வெட்டிவிடுவார்கள். ஒரு வாரம் இதழ் வராமல் போனதற்கு அம்மா ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரிக் கதைச் சுருக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்களே, அது முதல் வெட்டிலேயே போய்விடும். அந்த இரண்டு வரியை அம்மாவிடம் காட்டி, விட்டுப்போன அந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்டு முழுசாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுப்போன இதழைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் அவர்கள் அந்த இடத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பது எந்த நூலகத்திலும் கிடைக்காது.

கண்காட்சியில் வாங்கிய புதுப் புத்தகங்கள் கடன் இல்லை, வட்டி ஏறாது. கிடக்கட்டும். பழைய நாவலை முடித்த அன்று ராத்திரி, கை சும்மா இருக்கும்போது, அதில் ஒன்றை எடுத்துப் பத்துப் பக்கம் பாருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்ததை எடுங்கள். ஒரு வருடம் கழித்தும் எதுவும் பிடிக்கவில்லை என்றால் கட்டாகக் கட்டி உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஆட்கள் நன்கொடையாக வாங்கிக்கொள்வார்கள், பிரிக்காத புத்தகம் என்றால் டீயும் வாங்கித் தருவார்கள்.